எழுந்ததாகச் சொன்னார்கள்

எடமேலையூர் கொள்முதல் நிலையத்தில்
அன்றைக்கு ஆயிரத்து இருநூறு மூட்டை திறந்தவெளியில் கிடந்தது.
வடகிழக்கே மின்னிக்கொண்டிருந்தது.
எடைத் தராசின்மேல் சூசையின் போனைச் சாய்த்துவைத்து
கெய்ரோவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
ஒன்பது சுமைக்காரர்கள், ஒரு பில் கிளார்க்,
நாலு நாளாய் நெல்லுக்குக் காவலிருக்கும் விவசாயி ஒருத்தர்.

ஏழாம் நம்பர் என் பொண்டாட்டி.

உட்கார்ந்து ஆடுகிற வாலிபால் அது.
வலை என் இடுப்புக்குத்தான் வரும்.
கையால் தரையைத் தள்ளித் தள்ளி நகரவேண்டும்,
அதே கையால் பந்தையும் அடிக்கவேண்டும்.
எங்களுக்குப் புரிந்த விதி ஒன்றே ஒன்று:
பந்தைத் தொடும்போது குண்டி தரையில் ஒட்டியிருக்கணும்.
எழும்பினால் விசில்.

செங்கமலத்தைப் பார்க்கப்போன அன்று
'பொண்ணை எழுந்து நடக்கச் சொல்லுங்க' என்றார் பெரியப்பா.
நடந்தாள்.
ஒரு கையில் சுவர், ஒரு கையில் காப்பி.
சிந்தியது
பெரியப்பா கையில் வாங்கிய பிறகுதான்.

எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் சதவீதம்.
நெல்லில் ஈரம் பதினேழைத் தாண்டினால்
திருப்பிக் கொண்டுபோ.
காலில் ஊனம் நாற்பதுக்குக் குறைந்தால்
அட்டை கிடையாது.
திருவாரூர் டாக்டர் அவளுக்கு அறுபது போட்டார்.
கெய்ரோவிலும் இறங்கியதும் அளந்தார்களாம்,
முட்டியை மடக்கி, நீட்டி, கோணம் பார்த்து.
'நம்ம மெஷின்ல நெல்லப் போடுற மாதிரியே இருந்துச்சு.
பாஸாயிட்டேன்.'

பழகியது இதே களத்தில்தான்.
கடைசி லாரி போன பின் சிமெண்டைக் கூட்டி,
சுண்ணாம்பில் கோடு போட்டு,
மீன்வலையை ரெண்டு கம்பில் கட்டி.
எதிர்ப்பக்கம் நாங்கள்,
ரெண்டு காலையும் எங்கே வைப்பதென்று தெரியாதவர்கள்.
பத்து நிமிஷத்தில் எனக்கு இடுப்பு போய்விடும்.
'மூட்டை தூக்குற ஆளுய்யா நீ' என்று
சிரித்தே ரெண்டு பாயிண்டை விட்டுவிடுவாள்.
உள்ளங்கையில் சுணை ஏறி
ராத்திரி தேங்காயெண்ணெய் கேட்பாள்.

நாலாவது செட். இருபத்துமூன்றுக்கு இருபத்துநாலு.
ஒன்று போனால் எல்லாம் போச்சு.
பல்விந்தர் என்கிற பஞ்சாப் பெண் சர்வீஸ் போடக் கை ஓங்கினாள்.
முதல் சொட்டு தராசில் விழுந்தது,
அடுத்தது கெய்ரோவின் மேல்.

'படுதா!'
யார் கத்தியது தெரியவில்லை.
போனை மடியில் செருகிக்கொண்டு சூசை ஓட
நாங்கள் ஓட
ஒரு முனையை இழுத்தால் மறுமுனை காற்றில்.
கல் போதவில்லை, செங்கல் போதவில்லை.
விவசாயி தன் குவியல்மேல் மல்லாந்து படுத்துவிட்டார்,
ஆளே பாரமாய்.
மழைக்குள்ளிருந்து அவர்தான் கேட்டார்:
'தம்பி, அந்தப் பந்து என்னாச்சு?'

எனக்கே தெரிய மணி பதினொன்று ஆனது.

'எழுந்துட்டேனாம்' என்றாள் போனில்.
'வலைமேல வந்துச்சு, தடுத்தேன்,
அந்தப் பக்கம் நல்லாத்தான் விழுந்துச்சு பந்து.
ரெஃப்ரி விசிலடிச்சிட்டாரு.
அரை விரக்கடை தரையவிட்டுத் தூக்கியிருந்துச்சாம்.
ஷீஜா ஒரே அழுகை.
எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.
உங்க பெரியப்பாகிட்ட சொல்லுங்க.'

பெரியப்பா செத்து ஆறு வருஷம்.
அவளுக்கும் தெரியும்.

அப்புறம் வேறென்னவோ பேசினாள்.
அங்கேயும் ஆறு பிரிந்து பிரிந்துதான் கடலுக்குப் போகிறதாம்.
மேலே எவனோ அணை கட்டிவிட்டான் என்று சண்டையாம்,
பஸ் டிரைவர் சொன்னாராம்.
அஞ்சாவது இடத்துக்கு நாளன்னிக்கு ஒரு ஆட்டம் இருக்காம்.
'மூட்டை நனஞ்சுதா?'
நூற்றியெண்பது என்றேன்.
கொஞ்ச நேரம் லைனில் இரைச்சல் மட்டும்.

காலையில் பில் கிளார்க் மெஷினில் போட்டுப் பார்த்தார்.
இருபத்தொன்று.
சாக்கைப் பிரித்துக் களம் முழுக்கக் கொட்டினோம்.
காலால் தள்ளித் தள்ளிப் பரப்பும்போது
சுண்ணாம்புக் கோடு நெல்லுக்கடியில் போனது.
அவள் வர செவ்வாய்க்கிழமை ஆகும்.
அதற்குள் காய்ந்துவிடும்,
வெயில் அடித்தால்.