துவைக்காத சட்டை

நாளைக் காலை ஒன்பதரைக்கு.
இரண்டாவது மாடி, லிஃப்ட் ஓடாது என்பதை
எழுத்தர் பெண் முதலில் சொன்னாள்,
பிறகுதான் கட்டணத்தை.
அறுநூறு ராண்ட்.
வழக்கை எடுத்தால் அதைக் கழித்துக்கொள்வார்களாம்.
எடுத்தால்.

நடந்ததை வரிசையாய் எழுதிக் கொண்டு வாருங்கள்,
தேதி, நேரம், இடம், பார்த்தவர் யார்.
மனசில் பட்டதெல்லாம் அப்புறம், என்றாள்.
மனசில் பட்டதைத் தள்ளினால்
அரைப் பக்கம்தான் தேறுகிறது.

மார்ச் இரண்டு, ஞாயிறு, இரவு பத்தேகால்.
மெர்பேங்க், அலிப்பூர் ரோடு முனை.
ரோந்து வண்டி. மூன்று பேர்.
பெயர்ப்பட்டை ஒருவன் மார்பில் மட்டும்,
அதையும் டார்ச் வெளிச்சம் தின்றுவிட்டது.
பார்த்தவர்: பெட்ரோல் பங்க் பையன் சிபூசோ
(வருவான். முதலாளிக்குத் தெரியக்கூடாது).
இடது புருவத்தில் ஏழு தையல்.

பதினொரு வருஷமாய் ஜேக்கப்ஸில் துணி ஆலையில்
தையல் சரிபார்ப்பவள் நான்.
அங்குலத்துக்குப் பத்து இல்லையென்றால்
சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பிவிடுவேன்.
அந்தப் புருவம் என் மேசைக்கு வந்திருந்தால்
திருப்பியிருப்பேன்.
இதை எழுதவில்லை.

தாள்களைப் பரப்பினேன்.
ஆஸ்பத்திரியில் புபாலன்,
போலீஸ் சீட்டில் போபலன்,
அடையாள அட்டையில் பூபல்லன்.
மூன்று பேர் மேசை மேல்.
நான் கட்டிக்கொண்டவர்
உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

சட்டையைக் காகிதப் பைக்கு மாற்றியாகிவிட்டது.
நாலு மாதம் பத்தொன்பது நாள்
வாளியும் சோப்பும் பக்கத்திலேயே இருக்க
ஒரு துணியைத் துவைக்காமல் வைத்திருந்தேன்.
எத்தனை ஞாயிறு கை அதுவாகவே போனது.

ஆறு மாதத்துக்குள் போலீசுக்கு நோட்டீஸ் போகணுமாம்.
ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பார்கள்.
விடு என்றார், விட்டேன்.
போன மாதம்தான் கண்டுபிடித்தேன்:
அந்த முனையைத் தாண்டாமலிருக்க
இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி
சுற்றி நடந்து வருகிறார்,
மழையிலும்.

வைத்தியரிடமும் வக்கீலிடமும் ஒளிக்காதே என்பார்கள்.
வைத்தியரிடம் ஏற்கெனவே ஒளித்தாயிற்று.
ஆஸ்பத்திரித் தாளில் நாலாவது வரி:
"படியில் விழுந்ததாகச் சொல்கிறார்."

அதைக் கொண்டு போகாதே தயா, என்றார்,
அந்தத் தாளே போதும் நம்மைக் கவிழ்க்க.
கதவோரம் இரண்டு பேர்
தொப்பியைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்களே,
அதை யார் எழுதியது?
யாரும் எழுதவில்லை.
அப்படியானால் நான் எழுதுகிறேன்.

எழுதினேன்: படி என்று சொன்னது இவர்தான்.
சொல்லும்போது கதவோரம் இரண்டு பேர்.
அன்று மாலை இரண்டு பீர், அதுவும் உண்மை.
டார்ச்சைத் தட்டிவிட்டதும் உண்மை,
கண்ணுக்குள் அடித்ததால்.
எங்கள் வீடு ஒரே தளம்,
வாசலில்கூடப் படி கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்தார்.
நின்றபடியே படித்தார்.
"இரண்டு" என்பதை அடித்து
"மூன்று" என்று எழுதிவிட்டுப்
போய்ப் படுத்துக்கொண்டார்.

தாளின் பின்பக்கம் என் கேள்விகள்.
ஷாங்கே அம்மா இதுவரை
போலீஸ் மேல் எத்தனை வழக்கு போட்டார்?
எத்தனையில் தோற்றார்?
ஜெயித்ததை எல்லாரும் நன்றாகச் சொல்வார்கள்,
தோற்றதை எப்படிச் சொல்கிறார் என்று பார்க்கணும்.
தோற்றால் எதிர்த்தரப்புச் செலவு யார் தலையில்?
சிபூசோ வேலை போனால்?

அறுநூறை எண்ணிக் கவரில் வைத்தேன்.
பஸ்ஸுக்குத் தனியாய்.
விளக்கை அணைத்த பிறகுதான் நினைவு வந்தது:
இவருக்கு இன்னும் வலது முட்டி மடங்குவதில்லை,
அந்த மாடிப்படிக்குக் கைப்பிடி உண்டா என்று
கேட்க மறந்துவிட்டேன்.