துவாய்க்காரன்

வூப்பர்டாலில் ரயில்
ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும்.
அதைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு
மனிசன் பறக்கிறது பெரிய புதினமில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு. அகதி விடுதி, மூன்றாம் மாடி,
ஆறு கட்டில், ஒரு சன்னல்.
பழைய சாமான்களைச் சனம் தெருவில் வைக்கிற நாளில்
கனகேந்திரனும் கானா நாட்டுக் குவாபெனாவும்
பாடை தூக்குகிற மாதிரித் தூக்கி வந்தார்கள்
ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியை.
அன்ரனாவுக்கு, உடுப்பு மாட்டுகிற கம்பி.

வியாழன் ஐந்தரைக்கு அவன் வருவான்.
எந்த நாட்டிலோ எப்போதோ எடுத்த தொடர்,
மேலே ஒட்டிய ஜெர்மன் குரல்;
வாய் மூடின பிறகும் வசனம் கொஞ்சம் மிஞ்சும்.
முதுகில் ஒரு துணி,
கிணற்றடிக்குப் போகிறவனின் அவசரம்.
துவாய்க்காரன் என்று பேர் வைத்தோம்.

மூன்று கிழமையில் விதிகள் பிடிபட்டன.
அவன் இடமிருந்து வலமாகத்தான் பறப்பான்.
ஊர் எதுவானாலும் அதே மூன்று முகில்,
மூன்றாவதில் படச்சுருளின் கீறல்.
மற்ற நேரம் அவன் கழுத்துப்பட்டி கட்டின கணக்கப்பிள்ளை.
ஆபத்து வந்தால் ஆளைக் காணோம்.
அலுமாரிக்குள் போவான்,
துவாயோடு வெளியே வருவான்.
எல்லாம் முடிந்த பிறகு தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு
"நான் இல்லாத நேரம் என்ன நடந்தது?" என்பான்.
இருபத்திரண்டாம் நிமிஷம் உலகம் தப்பிவிடும்.
மிச்ச நேரம் எல்லாரும் சிரிப்பார்கள்.
பல் தெரிய அப்படியே உறைந்த சிரிப்பின்மேல்
பெயர்கள் ஓடும்.

ஒரு கண்ணாடியைக் கழற்றினால் வேறு ஆளாமா,
ஆருக்கடா காது குத்துகிறான் என்று
தில்லைச்சிவம் கத்தினான்.
அவன் வந்தது மச்சானின் பாஸ்போர்ட்டில்,
மச்சானின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.
மூன்று விமான நிலையம்.
பவர் கூடின கண்ணாடி, படிகளைக்
காலால் தடவித் தடவி இறங்கினவன்.
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்சம் பொறுத்து அவனே சிரித்தான்.

எனக்குப் பொறுக்காதது வில்லன்.
கட்டிப்போட்டவனுக்கு முன்னால்
கதிரையை இழுத்துப் போட்டு இருந்து
ஏன், எப்படி, எத்தனை மணிக்கு என்று
ஆதியோடந்தமாய் விளங்கப்படுத்துவான்.
என் தம்பியைக் கொண்டுபோனவர்கள்
பேரைக்கூடச் சரியாய்க் கேட்கவில்லை.

மாசியில் என் விசாரணை, டுசெல்டோர்ஃபில்.
அதுவும் ஒரு வியாழன்.
அதிகாரி, தட்டச்சு அடிக்கிற பெண்,
இருமல் மிட்டாய் சூப்பிக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பாளர்.
அதிகாரி கெட்டவரில்லை. அவருக்குக் கதை வேண்டும்:
முதலில் இருந்து, திகதியோடு,
ஆர், எதற்காக, எத்தனை பேர்.
வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டது என்றேன்.
"அப்போது நீங்கள் எங்கே?"
அலுமாரிக்குள்.
"பிறகு?"
பிறகும் அலுமாரிக்குள்.

மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து
மறு கன்னத்துக்கு மாற்றிவிட்டு
அவர் அதை ஜெர்மனில் சொன்னார்.
இவ்வளவு சின்ன வசனம் என்று
எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்றார்கள்.
எனக்குப் பாடமான முழு ஜெர்மன் வசனம் ஒன்றே ஒன்று,
வியாழன்தோறும் கடைசியில் திரையில் வருவது.
ஃபோர்ட்செட்சுங் ஃபோல்க்ட்.
தொடரும்.
தட்டச்சுப் பெண்ணின் கை நின்றது.
சிரிப்பை விழுங்கினாளோ, வேறெதையோ.
பிறகு அதையும் அடித்தாள்.

திரும்பி வரும்போது ஆறரை.
தொங்குகிற ரயிலில் சன்னலோரம்.
வானத்தில் ஒரு முகிலும் இல்லை.

கதவைத் திறந்து கேட்டேன்,
நான் இல்லாத நேரம் என்ன நடந்தது?

"வேறென்ன," என்றான் கனகேந்திரன்,
"அதே மூன்று முகில்."
குவாபெனா எனக்கென்று மூடி வைத்த சோற்றைத் தள்ளிவிட்டு,
ஆடிக்கொண்டிருந்த செய்தி வாசிப்பவளின் தலையில்
ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.