தலைக்கு இவ்வளவு

ஏலத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
உலான்பாதர், ஐந்தாம் மாடி,
ஜன்னலில் நிலக்கரிப் புகை.
எழுநூறு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு
அடிமட்ட விலை சொல்ல வேண்டியவள் நான்.

சூத்திரம் எளிது.
ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு, ஒரு தலைக்கு, இத்தனை துக்ரிக்.
அயல்நாட்டு ஏலங்களில் போன விலையைக் கழுவித் துடைத்து,
வரப்போகும் இருபது வருடத்தை இன்றைய காசாக்கி.
தலைகள் உள்ள இடத்தில் நன்றாகவே வேலை செய்கிறது.

வடகிழக்கில் ஒரு பள்ளத்தாக்கு.
டிசம்பர் கணக்கெடுப்பில் தலைகள்: பூஜ்யம்.
ஜூன் முதல் அக்டோபர் வரை நாற்பது குடும்பம்.
விலையும் புல்லைத் தேடித்தான் நடக்கிறது போல.
"தலை என்றால் மனிதத் தலை" என்றார் இயக்குநர் லுவ்சன்,
ஆடுகளையும் எண்ணிவிடுவேனோ என்று பயந்தவராக.

நிறுவனம் தந்த பதிவேட்டில் அக்டோபர் பதினேழு, இரவு.
கோபுரத்தின் விளிம்பில், கிடைத்தும் கிடைக்காமலும்,
ஒரே எண்ணிலிருந்து ஒரே எண்ணுக்கு
நூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள்.
ஒன்றும் இணையவில்லை.
இணையாத அழைப்புக்கு வருவாய் இல்லை.
வருவாய் இல்லாததற்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை.
நேற்று யாரும் பேசாத அலையை
இன்று எடுத்துப் பேச முடியாது;
நிலக்கரி மாதிரி அது மண்ணுக்கடியில் காத்திருப்பதில்லை.

விதிப்படி கூடாது. அழைத்தேன்.
சாலையோரக் குளிர்கால முகாமில் இருந்தார், பெயர் தமிரான்.
பின்னால் நாய் குரைத்தது.
அன்றைக்குப் பனிப்புயல். மனைவி நோர்ஜ்மா மந்தையோடு வெளியே.
குன்றின் மேல், குதிரைமேல் உட்கார்ந்தபடி
விரல் விறைக்கும்வரை அழுத்தியிருக்கிறார்.
விடிந்ததும் அவளே வந்து சேர்ந்தாள்,
பதினோரு ஆடு குறைய.

பயிற்சியில் சொல்லித்தந்த கேள்வியைக் கேட்டேன்:
அந்த ஒரு அழைப்பு கிடைக்க எவ்வளவு கொடுத்திருப்பீர்கள்?
"அன்றைக்கா? மந்தை முழுக்க."
இன்றைக்கு?
சிரித்தார்.
"இன்றைக்கு எதற்கு? இதோ, தேநீருக்கு உப்புப் போடுகிறாள்."

மந்தை முழுக்க. ஒன்றுமில்லை.
இரண்டுக்கும் சராசரி அரை மந்தை.
எழுதிக் கொடுத்தேன்.
லுவ்சன் கோபப்படவில்லை,
எழுத்துப்பிழையை அடிப்பதுபோல் அடித்தார்.

ஏலத்தில் அந்தப் பள்ளத்தாக்கு
இன்னும் இருபது வெற்றிடங்களோடு
ஒரே கட்டாகப் போனது, கொசுறாக.

ஜூனில் ஒருமுறை அவரை அழைத்துப் பார்த்தேன்.
கிடைக்கவில்லை.
அதுவும் ஏதோ ஒரு பதிவேட்டில் ஏறியிருக்கும்,
வருவாய் இல்லாமல்.