இருபது மில்லி

பச்சை கேனின் ஒட்டுத்தாளில் பனிமலை.
மலையேறும் ஒரு கார், கண்ணாடியெல்லாம் வெள்ளை.
வியாசர்பாடியில், மே மாதத்தில்,
ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு
இதைப் பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரவேண்டும்.

ஜெனரேட்டர் சூடேறித் தானாக நின்று பதினெட்டு நிமிடம்.
இரண்டாம் மாடியில் இன்வெர்ட்டர் வெளிச்சத்தில்
யாருக்கோ தையல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.
முக்கால் மணி தாங்குமென்று எழுதியிருக்கிறது.
எழுதியது பேட்டரி புதிதாக இருந்தபோது.

ஒழுகிய கிளாம்பை இறுக்கியாயிற்று.
மூடியைத் துணிபோட்டுத் தொடுகிறேன்.
இன்னும் இல்லை.
போன வருஷம் அவசரப்பட்ட தணிகாசலத்தின் முன்னங்கை
இன்றைக்கும் பொரித்த அப்பளம்.

"தண்ணிதானே? தொட்டி நிறைய கிடக்குதே"
இறங்கி வந்தாள் நர்ஸ் அடைக்கலமேரி.
போர் தண்ணி ஆகாது சிஸ்டர்.
இந்தத் தெருவில் அதைக் காய்ச்சும் பாத்திரங்களின் அடியைப் பாருங்கள்,
வெள்ளையடித்த சுவர்.
ரேடியேட்டர் நரம்புகளில் அது ஏறினால்
அடைப்புதான், உங்களுக்குத் தெரியாததா.

ஏறிப்போய், கத்தரிகளை அவிக்கிற அறையிலிருந்து
டிஸ்டில்டு வாட்டர் கொண்டுவந்தாள்.
அளக்க, சிறுநீர் அளக்கும் ஜாடிகள்.
"புதுசுதான்" என்று இரண்டு முறை சொன்னாள்.

ஒரு லிட்டர் பச்சை.
ஒரு லிட்டர் தண்ணீர்.
பெரிய ஜாடியில் ஒன்றாக்கிக் கலக்கினேன்.
செல்போன் டார்ச்சைக் கோட்டருகே பிடித்தவள்
"சிந்திட்டீங்க" என்றாள்.

சிந்தவில்லை.
தரையில் வெளிச்சம் அடித்துத் தேடினாள். காய்ந்த தரை.
டிரிப்பின் சொட்டுகளை எண்ணியே பழகிய கண்,
இரண்டு லிட்டருக்கு இருபது மில்லி குறைவதை
அதால் மன்னிக்க முடியவில்லை.

கும்மிடிப்பூண்டி லோக்கலில், சிஸ்டர்,
மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்கார்வதில்லையா.
பெரியது ஒன்று நகர, சின்னது ஒன்று நுழைந்துகொள்ளும்.
எடை அப்படியே இருக்கும். இடம்தான் மிச்சம்.

ஜாடியைத் தொட்டாள். "வெதுவெதுன்னு இருக்கே."
இருக்கும்.
குளிரவைக்க வந்த இரண்டும்
சேரும்போது கொஞ்சம் சூடாகும்.

விரலில் பட்டதை முகர்ந்தாள்.
வாயில் வைத்துவிடாதீர்கள், இனிக்குமாம்.
இனிப்பதுதான் சிக்கல்.
கேட்டருகே படுக்கிற நாய்க்காகத்தான்
சிந்தாமல் ஊற்றப் பழகினேன்.
அதற்கு முன்பிருந்த நாயால், சொல்லப்போனால்.

இப்போது மூடி கைக்கு அடங்கியது.
கால் திருகு. ஒரு பெருமூச்சு. மறுபடி கால் திருகு.
பச்சை உள்ளே போகப் போக
குமிழிகள் மேலே வந்து உடைந்தன.
சாவி.
ஒரு இருமல், இரண்டாவது இருமல், பிறகு அந்தச் சத்தம்;
இதைவிட நல்ல சத்தம் எனக்குத் தெரியாது.

முள் ஏறுவதை நான் பார்த்திருந்தேன்.
அவள் கேனைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாள்.
"தண்ணி மட்டும்னா பூஜ்யத்துல உறையும். சரி.
இது மட்டும்னா மைனஸ் பதிமூணு.
பாதிக்குப் பாதி, மைனஸ் முப்பத்தேழு.
தப்பா அச்சடிச்சிருக்காங்க."

இல்லை. அப்படித்தான்.

"முப்பத்தேழுன்னா நமக்கு நார்மல்" என்றவள்
கொஞ்சம் நின்று, "இந்த ஊர்ல எது உறையப்போகுது?"

எதுவும் இல்லை.
நமக்கு வேண்டியது இன்னொரு முனை.
நூறில் கொதிக்கவேண்டியது
நூற்றேழு வரைக்கும் பொறுத்துக்கொள்ளும்,
வாயை இறுக்கி மூடி வைத்தால் இன்னும் கொஞ்சம்.
அந்த ஏழு டிகிரியில்தான் என் சம்பளம்.

முள் எண்பத்திரண்டில் நின்றது.
மேலே யாரோ "மேரி" என்றார்கள்.
போகுமுன் மார்க்கரால் ஜாடிகள் மூன்றிலும்
ஜெனரேட்டர் என்று எழுதினாள்,
திரும்ப மேலே வந்துவிடக்கூடாதென்று.

பதிவேட்டில் எழுதினேன்:
சேர்த்தது, 2 லிட்டர்.
அடித்துவிட்டு,
1 லிட்டர் 980.
காலையில் அக்கவுண்டன்ட் கேட்பார்,
மீதி எங்கே என்று.
கேட்கட்டும்.