வெட்டுப்புள்ளி

வலயத்திலிருந்து கடிதம்:
பழைய சேர்விடாப்புகள் முழுவதும்
வைகாசிக்குள் கணினியில் ஏறவேண்டும்.
அதிபர் ஒரு மேசைவிசிறி தந்தார்.
கறையான் தூசிக்கு முகக்கவசம் நான் கொண்டுவந்தேன்.

ஏழு இடாப்பு.
ஒன்றின் முதுகில் யூரியாப் பையின் நூல்
இன்னும் ஒட்டியிருக்கிறது.
தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே நடந்த இரவில்
ஒரு லிகிதர் இதைச் சைக்கிள் கரியரில் கட்டினாராம்,
அரிசிச் சாக்கை இறக்கிவைத்துவிட்டு.
அவர் வீட்டில் அன்றைக்கு என்ன ஏச்சு விழுந்ததோ.

பெயர், தகப்பன் பெயர், தொழில், வதிவிடம், சமயம்.
கடைசிக் கட்டம்: விலகிய காரணம்.

முப்பத்துநாலாம் ஆண்டுப் பக்கத்தில்
பதினாறு பெயருக்கு அருகே பென்சில் புள்ளி.
சிந்தின மை அல்ல.
எல்லாம் ஒரே அளவு, கவனமாக வைத்தது.
அம்மைப்பால் கட்டின அடையாளமாக்கும் என்று நினைத்தேன்.
பிறகுதான் தொழில் கட்டத்தைப் பார்த்தேன்.
வாங்குக்கு எத்தனை, நிலத்துக்கு எத்தனை என்று
காலையில் எண்ண வசதியாக ஒரு புள்ளி.

பதினாலு பேருக்கு "வரவில்லை."
வரவிடாதவர்களை எழுதக் கட்டமில்லை.
ஒருவனுக்கு "வேதப் பள்ளிக்கூடம்."
மற்றவன் வெள்ளையன் மகன் நாகன், எட்டாம் வகுப்புவரை.
எட்டு வருடம் நிலத்தில் இருந்தவனுக்கு
நடத்தை "நன்று" என்று எழுதியிருக்கிறது.
வேறு எப்படி நடக்க முடியும்?

மென்பொருளில் விலகுவதற்கு நாலே காரணம்:
சித்தி, இடமாற்றம், வெளிநாடு, ஏனையவை.
புள்ளி வைக்க இடமே இல்லை.
அது நல்லதா கெட்டதா என்று
தேத்தண்ணி ஆறும்வரை யோசித்தேன்.

எழுபதுகளில் புள்ளி வேறாகிறது.
குகநேசன், தூய கணிதம், பிரயோக கணிதம்,
இரண்டு புள்ளி குறைவு. இரண்டாம் தரமும் அப்படியே.
கொழும்பில் யாரோ கோட்டை நகர்த்திவிட்டார்கள்.
அந்தப் பக்கம் முழுக்க ஆத்திரம்,
நியாயமான ஆத்திரம்தான்.
ஆனால் நாப்பது வருடம் முந்தி வைத்த பென்சில் புள்ளிக்கு
இவர்களில் எவரும் ஊர்வலம் போனதாக
இடாப்பில் இல்லை.

எண்பத்துநாலில் பதினொரு பையன்கள், ஒரே மாதம்.
காரணம்: தெரியாது.
எழுதியவருக்குத் தெரியும். பேனை அழுத்தினதில்
மறுபக்கம் தடவினால் விரலில் படுகிறது.
தொண்ணூறுக்குப் பிறகு "இடப்பெயர்வு."
கை வலித்திருக்கும்,
இறப்பர் முத்திரையே செய்துவிட்டார்கள்.

ஏனையவை. ஏனையவை. ஏனையவை.
சுட்டியை அழுத்தி விரல் விறைத்துப்போனது.

இன்றைய கதை சுருக்கம்.
புள்ளி இல்லாதவர்களின் பேரப்பிள்ளைகள்
வான் பிடித்து டவுணுக்குப் போகிறார்கள்.
இங்கே மிச்சம் அறுபத்திரண்டு.
எல்லாரும் வாங்கில்.
எல்லாரும் ஒரே ஒழுங்கையால் வருகிறவர்கள்.
புள்ளி வைக்கத் தேவையே இல்லை.

போன வருடம் லதுர்சிகா புலமைப்பரிசிலில்
வெட்டுப்புள்ளிக்கு மேலே பதின்மூன்று.
சந்தியில் டியூட்டரிக்காரர் அவள் படத்தோடு பதாகை கட்டினார்கள்.
தையில் அவளும் வான் ஏறினாள்.
விலகிய காரணம்: சித்தி.
பதாகை மட்டும் இன்னும் இங்கேதான், ஒரு மூலை கிழிந்து.

இன்று காலை ஜன்னலில் ஒரு தாய்,
மகனை முதலாம் வகுப்பில் சேர்க்க.
வதிவிடம் என்று கேட்டேன்.
ஒழுங்கையின் பெயரைத் தொடங்கி, நிறுத்தி,
தார் ரோட்டின் பெயரைச் சொன்னாள்.
நாளைக்கு டவுண் பள்ளிக்கூடத்தில்
இதைத்தானே திறந்து பார்ப்பார்கள்.

அவள் வீடு எனக்குத் தெரியும்,
என் வீட்டிலிருந்து மூன்றாவது.
தார் ரோட்டின் பெயரையே எழுதினேன்,
இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது
நானும் எழுதிய பெயர்.
வரி முடிவில் புள்ளி வைக்கப் போன பேனையைத்
தூக்கிக்கொண்டேன்