எண்பத்திரண்டு புள்ளி

எனக்கு முப்பதாயிரம் ஆங்கிலச் சொற்கள் தெரியும்.
பொருள் மட்டும் கேட்காதீர்கள்.
காபி, டாக்சி, நன்றி,
பேசத் தெரிந்தது அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் ஸ்க்ராபிள் கட்டைக்கு.
நக்கோன் சவானில் பைக் ஒர்க்‌ஷாப் எனக்கு.
சுவர் நெடுக நட்டு, போல்ட் டப்பாக்கள்.
சொற்களையும் அப்படித்தான் வைத்திருந்தேன்,
அளவு பார்த்து,
எந்த வண்டியில் கழன்றதென்று விசாரிக்காமல்.

போன மழையில் ஆறு கடைக்குள் ஏறி
மூன்று வாரம் வேலையில்லை.
மாடிக் கட்டிலில் உட்கார்ந்து அகராதியைப் பிரித்தேன்,
எனக்கு ஜெயித்துக் கொடுத்த சொற்களை மட்டும்
தேடித் தேடி.

ஜென்டாகுலர்: காலைச் சாப்பாடு சார்ந்த.
கஞ்சி குடிப்பதற்கு இவ்வளவு படாடோபமா!
ஸாக்ஸ்: கூரை ஓடு வெட்டும் கருவி.
பதினாறு ஆட்டம் அதனால் பிழைத்திருக்கிறேன்,
ஓர் ஓட்டைக்கூட வெட்டியதில்லை.
அல்லேஜ்: பீப்பாயில் நிரம்பாமல் கிடக்கும் மேலிடம்.
அட,
பெட்ரோல் டாங்கைத் தட்டித் தட்டி
இருபத்தைந்து வருஷமாய் நான் கேட்ட சத்தம்
அதுதானே.

பிறகு
விடூயிட்டி.

ஏழு எழுத்து, ஏழும் என் கையிலிருந்து.
பிட்சனுலோக் மண்டபம், கடைசிச் சுற்று,
எதிரில் ஆங்கில டீச்சர் ஒரபின்.
ஒவ்வொரு கட்டையும் டக்கென்று கேட்கும்படி வைத்தேன்.
எண்பத்திரண்டு புள்ளி.

அவர் சவால் விடவில்லை.
பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
கடிகாரம் அவர் நேரத்தைத் தின்றது.
கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன்.
கறுப்புச் சட்டை, கறுப்புப் பாவாடை;
போட்டிக்குக் கறுப்பு எடுப்புதான் என்றும் நினைத்தேன்.
‘நல்ல சொல்’ என்றார் கடைசியில்.
‘பொருள் தெரியுமா டீச்சர்?’ என்று சிரித்தேன்.
எங்கள் கூட்டத்தில் அது பழைய ஜோக்.
‘தெரியாது’ என்றார்.
தாளில் என் எண்ணை, எட்டு, இரண்டு,
குண்டு குண்டாக எழுதினார்.

அகராதியில் ஒரே வரி:
கைம்மை; கணவனை இழந்திருக்கும் நிலை.

கீழே தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது.
டப்பாக்களில் பாதி துருவேறியிருக்கும்,
இறங்கிப் பார்க்க வேண்டும்.
பன்னிரண்டு வருஷம்.
அவர் ஊர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது.

சவால் விட்டிருந்தாலும் தோற்றிருப்பார்.
செல்லும் சொல்தான் அது.