துணைக்கால்

மினியாபொலிஸில் மார்ச் பனி
சேறாகிக் கிடந்த ஒரு காலை.
மேசைக்கு இந்தப் பக்கம் காட்ஃப்ரி டில்லட்சன்,
அந்தப் பக்கம் அதிகாரி மாய் நூ யாங்,
கையில் சிவப்புப் பேனா.

வரி பாக்கி உண்டா. இல்லை.
சிறை சென்றதுண்டா. இல்லை.
குடிக்கு அடிமையாக இருந்ததுண்டா.
கொஞ்சம் யோசித்து, இல்லை.
வேறு நாட்டில் பட்டம், பிரபுத்துவம் ஏதாவது?

இதற்கு யாரும் ஆம் என்று சொல்லிக் கேட்டதில்லை போல,
பேனா அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டிருந்தது.
திரும்பி வந்தது.

என்ன பட்டம்?
“சர்.”
சொல்லுங்கள், சார்.
“இல்லை, அதுதான் பட்டம்.”

லிங்கன்ஷையர் கரையில்
கடல் ஊருக்குள் வராமலிருக்க
பதினான்கு எஃகுக் கதவுகள் போட்டவர்.
அதற்காக அரண்மனையில்
மெத்தை வைத்த சிறு பலகையில்
வலது முழங்காலை ஊன்றச் சொன்னார்கள்.
தேய்ந்த முழங்கால்.
ஒரு வாரம் குளியலறையில் ஒத்திகை.
வாள் என்னவோ
ஈ உட்கார்ந்து பறந்த மாதிரிதான் இருந்தது.
எழுந்திருக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

பரம்பரையாக வருமா?
“வராது. என்னோடு வந்தது, என்னோடு சாகும்.”
அப்படியானால் இதைத் துறக்க வேண்டுமா, வேண்டாமா?
அவர் ஏற்கெனவே ஒரு வக்கீலைக் கேட்டிருந்தார்.
வேண்டும் என்றும் சொன்னார், வேண்டாம் என்றும் சொன்னார்,
இரண்டுக்கும் கட்டணம் வாங்கினார் வக்கீல்.

அதிகாரி மாடிக்குப் போன் போட்டாள்.
காத்திருக்கச் சொல்லிப் பியானோ வாசித்தது போன்.
அதைக் காதில் வைத்தபடியே,
படிவத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

என் அப்பா லாவோஸ் மலையில் கேப்டன்.
முந்நூறு பேர், அவர் கை தூக்கினால் நிற்பார்கள்.
தாய்லாந்து முகாமில் நிரப்பித் தந்த தாளில்
அதற்குக் கட்டமே இல்லை.
துறக்கிறாயா என்றுகூட ஒருவர் கேட்கவில்லை.
அப்புறம் இருபத்தொரு வருஷம்
வான்கோழி ஆலையில், கழுத்து அறுக்கும் வரிசையில்.

காட்ஃப்ரி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
பியானோ நின்றது.
எதற்கும் துறந்துவிடச் சொல்லுங்கள் என்றது மாடி.

வெளியே பிளாஸ்குடன் மாரிட்,
தாதுக் கப்பலில் மண் அள்ளியவர் மகள்,
பதினொரு வருஷமாக லேடி டில்லட்சன்.
ஒரே ஒருமுறை அந்தப் பெயரை உபயோகித்தாள்,
குழாய் ரிப்பேர்காரன் வராத கிறிஸ்துமஸில்.
அவளை யாரும் எதையும் கேட்கவில்லை.
மரத்தைப் பெயர்த்து நட்டால்
நிழல் எங்கே போய்க் கையெழுத்துப் போடும்?

டுலூத் நீதிமன்றத்தில் நாற்பத்து மூன்று பேர்.
எல்லோரும் சொன்ன உறுதிமொழிக்குப் பின்
அவர் மட்டும் எழுந்து
ஒரு வாக்கியம் தனியாகச் சொன்னார்.
முழங்கால் நொடித்தது, குரல் நொடிக்கவில்லை.
பின்வரிசையில் ஒரு சோமாலிக் குழந்தை தும்மியது.
நீதிபதி நன்றி சொன்னார்.

லண்டனுக்கு இது தெரியாது.
முடி கொடுத்ததை முடிதான் எடுக்க வேண்டுமாம்,
ஏரிக்கரையில் எவன் எதைத் துறந்தால் அதற்கென்ன.
பழைய பாஸ்போர்ட்டின் குறிப்புப் பக்கத்தில்
பட்டம் அப்படியே படுத்திருக்கிறது.
அக்காவைப் பார்க்க அவர் பறக்கும்போது
அட்லாண்டிக்கின் எந்த அலைக்கு மேலே
அது வந்து தோளில் ஏறும்,
திரும்பும்போது எந்த அலையில் இறங்கும்,
விமானப் பணிப்பெண்ணுக்காவது தெரியுமா?

நீதிமன்றத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை.
கண் மை கலைந்த பரிமாறும் பெண்,
எட்டு மணி நேரமாக நிற்பவள்,
குவளையைச் சாய்த்துக் கேட்டாள்:
இன்னும் கொஞ்சம் காபி, சார்?

மாரிட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
அவர்களுடைய எழுத்தில் இரண்டும் ஒன்றுதான்.
நம் எழுத்தில்தான் தெரியும் வித்தியாசம்:
மண்டியிட்டு வாங்கியது சர்.
அதைக் கீழே வைத்துவிட்டு வந்தவருக்கு
யாரோ ஒருத்தி, பெயர்கூடக் கேட்காமல்,
ஒரு துணைக்கால் போட்டுத் தருகிறாள்.

அவர் மேசையைப் பிடித்து எழுந்தார்.
டிப்ஸ் அதிகம் வைத்தது மாரிட்.